சப்பரத்தில் விழுந்த உப்பு

கோலாலம்பூர் மாஜிஸ்திரேட் கோர்ட், 1934-ஆம் வருஷம். முதல் எதிரி, இரண்டாம் எதிரியின் சாட்சியாகக் கூண்டேறிப் பிரமாணம் செய்து, தமிழில் சொல்லச் சொல்ல, கோர்ட் மொழிபெயர்ப்பாளர் எழுதிக்கொண்டது.

என் பெயர் இக்னேஷியஸ். தகப்பனார் ரபேல், காலஞ்சென்ற எஞ்சின் டிரைவர். வயது இருபத்து நான்கு. மதம் கத்தோலிக்கம். தொழில், ரயில்வே ஒர்க்ஷாப்பில் மின்சார வயர்மேன். பரீட்சை எழுதித் தேறி அந்த வேலைக்கு வந்தவன், சிபாரிசில் வந்தவன் அல்ல. இருப்பிடம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பு. கலியாணம் ஆகவில்லை.

இந்த வழக்கில் நான் முதல் எதிரி. கோயில் சப்பரத்துக்கு விளக்குக் கம்பி போட்டதில் அஜாக்கிரதையாக இருந்தேன் என்பது என் மேல் உள்ள குற்றச்சாட்டு. இரண்டாம் எதிரி கிரிகரி மேல் உள்ளது பெரிது. குடியிருப்பு மின்கம்பத்திலிருந்து அனுமதியில்லாமல் மின்சாரம் திருடினார் என்றும், அதனால் சாந்தமேரி என்ற அம்மாளுக்குக் கொடுங்காயம் உண்டாக்கினார் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அது நிரூபணமானால் அவர் ஜெயிலுக்குப் போவார். ரயில்வே உத்தியோகம், பென்ஷன், குடியிருக்கும் வீடு எல்லாம் போகும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அபராதத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்று என் வக்கீல் சொன்னார். நான் இங்கே சொல்வது எனக்கு எதிராகவே உபயோகமாகும் என்று கோர்ட்டார் எச்சரித்தார்கள். புரிந்தது. திரும்பவும் மலாயிலும் இங்கிலீஷிலும் எச்சரிக்கத் தேவையில்லை. கூண்டேறாதே என்று சொன்ன என் வக்கீல் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கட்டும்.

கிரிகரி, சரக்கு ஆபீசில் தலைமைக் கிராணி, அதாவது குமாஸ்தா. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள சிறு கோயிலின் திருவிழாக் கமிட்டித் தலைவர். எனக்கு ஞானத்தகப்பன், அதாவது என் ஞானஸ்நானத்தில், குழந்தையாக இருந்த என்னைக் கையில் ஏந்தி நின்று, சாமியாரின் கேள்விகளுக்கு என் சார்பில் பதில் சொன்னவர். வேறு உறவு கிடையாது. வருஷாவருஷம் கிறிஸ்துமசுக்கு எனக்கு ஒரு கைக்குட்டை கொடுப்பார். மூலையில் என் பெயரெழுத்து நூலால் போட்டிருக்கும். அதைப் போட்டுக் கொடுப்பது சாந்தமேரி அம்மாள். அவர் தையல் வேலை செய்து பிழைக்கும் விதவை.

கிரிகரியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளவும். பாசத்தால் பேசுகிறேன் என்று பின்னால் யாரும் சொல்லக்கூடாது. அவர் வெயிலிலும் குடை பிடிப்பார். நாலு பேர் நின்றால் பிரசங்கம் செய்வார். பூசைப் பாட்டில் எல்லோரும் முடித்த பிறகு அவர் ஒருவர் இழுத்துக்கொண்டிருப்பார். வீட்டில் பல்பு போய்விட்டால் நாற்காலியில் ஏறப் பயந்து என்னைக் கூப்பிட்டு அனுப்புவார். இந்த மனிதர் மின்கம்பப் பெட்டியைத் திறந்து மின்சாரம் ஓடும் கம்பியில் இணைப்புப் போட்டார் என்று அரசுத் தரப்பில் சொல்கிறார்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அதன் பிறகு கோபம் வந்தது.

நடந்தது பின்வருமாறு.

அந்தோணியார் திருவிழாவுக்காகக் கமிட்டி கூடியது. சப்பரம் என்பது புனிதர் சுரூபத்தை வைத்துத் தோளில் சுமக்கும் அலங்கார மேடை. போன வருஷம் பக்கத்து ஊரான கிள்ளானின் கோயில்காரர்கள் தங்கள் சப்பரத்தில் கேஸ் விளக்குக் கட்டியிருந்தார்கள். அதை நினைத்து நினைத்து கிரிகரிக்குத் தூக்கம் போயிருந்தது. எழுந்து நின்று, "இந்த வருஷம் நம்ம சப்பரம் எலெக்ட்ரிக்ல ஜொலிக்கணும். கிள்ளான்காரன் ரயில் ஏறி வந்து வாயைப் பொளந்துகிட்டு நிக்கணும்லா" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அதன் பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒப்புக்கொண்டேன். பக்தியால் அல்ல. அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் ஆம்பியர் என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்தவன் செய்தால் எப்படி இருக்கும் என்று காட்ட நினைத்தேன்.

அதன் பிறகு கிரிகரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, கரண்டுக்கு யாருக்கு எழுதணும் சொல்லு, நான் நல்ல இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் போட்டுடறேன்" என்றார். அவருடைய நல்ல இங்கிலீஷ் எனக்குத் தெரியும். வணக்கம் சொல்லவே ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளும். பதில் வருவதற்குள் அடுத்த திருவிழா வந்துவிடும். நான், "நான் பேசிட்டேன். பர்மிஷன் கெடைச்சாச்சு. நீங்க பாட்டைப் பாருங்க" என்றேன். நான் யாரிடமும் பேசவில்லை. அவர் நம்பினார். "எனக்குத் தெரியும்டா, நீ கெட்டிக்காரன்" என்று முதுகில் தட்டினார். திருட்டுக் குற்றச்சாட்டைப் பொறுத்தவரை அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அதன் பிறகு நான் சப்பரத்துக்குக் கம்பி போட்டேன். சுற்றிலும் பல்புகள், புனிதர் தலைக்குப் பின்னால் ஒரு வளையம். எல்லாக் கம்பிகளும் பீடத்துக்கு அடியில் ஒரு பலகையில் வந்து சேரும். மின்சாரம் முதலில் பலகைக்கு வரும், அதன் பிறகுதான் சுவிட்ச். சப்பரம் தெருவைச் சுற்றி வரும்போது விளக்கு எரியாது. திரும்பி வந்து கோயில் முற்றத்தில் மர முக்காலிகளின் மேல் இறக்கியதும், கம்பத்திலிருந்து இழுத்து வைத்திருக்கும் கம்பியை அந்தப் பலகையில் மாட்ட வேண்டும், சுவிட்சைப் போட வேண்டும். அப்போது ஜொலிக்கும்.

திருவிழா அன்று காலையில் நான் கம்பத்துப் பெட்டியைத் திறந்து இணைப்புப் போட்டேன். நான்தான் போட்டேன். பகலில், நாலு பேர் பார்க்க. யாரும் என்னைக் கேட்கவில்லை, ஏனென்றால் நான் வயர்மேன், கம்பத்தில் ஏறுவது என் தொழில் என்று எல்லோருக்கும் தெரியும். திருடனாக இருந்தால் ஒளிந்து செய்திருப்பேன்.

அதன் பிறகு கிரிகரி ஒரு கொசுவலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். சப்பரத்தைப் பார்த்தார். ஏதோ சொன்னார். நான் அவரையும் கொசுவலையையும் திருப்பி அனுப்பினேன்.

மத்தியானம் மழை பெய்தது. சப்பரத்தின் பூவும் ஜரிகைத் தாளும் நனைந்தன. மழை விட்டதும் பவனி புறப்பட்டது. எங்கள் சனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நேர்ச்சை செய்தவர்கள் உப்பும் மிளகும் வாங்கி, சப்பரம் கடக்கும்போது அதன் மேல் வீசுவார்கள். வியாதி உப்புப் போல் கரையட்டும் என்பது கருத்து. கோயில் வாசலில் அதைப் பொட்டலம் கட்டி விற்றவர் பக்கிரிசாமி. அவர் முருக பக்தர். ஆனால் எந்தச் சாமிக்குத் திருவிழா என்றாலும் கடை போட்டுவிடுவார். சப்பரம் திரும்பியபோது என்னைப் பார்த்து, "தம்பி, இன்னிக்கு நல்ல யாவாரம். பாதிக் கடலு ஒங்க சாமி தலைமேலதான் இருக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதை எழுதிக்கொள்ளவும். நானும் சிரித்தேன்.

சப்பரத்தை இறக்கினார்கள். கம்பியை மாட்டி சுவிட்சைப் போட்டேன். எல்லா விளக்கும் எரிந்தது. கூட்டம் ஒரே குரலாக ஆ என்றது. கிள்ளான்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள்; அவர்கள் வாயும் திறந்துதான் இருந்தது. அதன் பிறகு வெளிச்சத்தைப் பார்த்த உற்சாகத்தில் சனங்கள் கையில் மிச்சமிருந்த உப்பையெல்லாம் வீசினார்கள். நான் சப்பரத்தின் மறுபக்கத்தில் நின்று ஒரு கிள்ளான்காரருக்கு வோல்ட்டைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன்.

சாந்தமேரி அம்மாள் செருப்பில்லாமல் ஈர மண்ணில் நின்று, சப்பரத்தைச் சுற்றியிருந்த பித்தளைத் தடுப்பைத் தொட்டு முத்தி செய்ய, அதாவது தொட்ட கையை முத்தமிட, கையை நீட்டினார். தொட்ட கை விடவில்லை. அவர் கூச்சல் போடவில்லை. உடம்பு நடுங்குவதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள், புனிதர் அவர் மேல் இறங்கிவிட்டதாக நினைத்துக் கும்பிட்டார்கள். கும்பிட்டுக்கொண்டு நின்றவர்களின் பெயர்கள் எனக்குத் தெரியும்; வழக்குக்குத் தேவையில்லை.

எனக்கு ஒரு பார்வையிலேயே புரிந்தது. உப்பு மழைத்தண்ணீரில் கரைந்து, பூ வழியாக ஒழுகி, பீடத்துக்கு அடியில் இருக்கும் பலகையில் இறங்கி, பித்தளை வரைக்கும் மின்சாரத்தைக் கொண்டுவந்திருக்கிறது. உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை முதல் வருஷத்திலேயே படித்தவன் நான். நான் பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். விளக்கெல்லாம் அணைந்தது. அம்மாளின் கை அப்படியே இருந்தது. ஏனென்றால் கசிவு சுவிட்சுக்கு முன்னால், பலகையிலேயே இருந்தது. நான் அந்தச் சுவிட்சைப் போட்டேன், அணைத்தேன், மறுபடியும் போட்டேன், அணைத்தேன். "யாரும் தொடாதீங்க" என்று கத்தினேன். அதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

அதே சமயம் கிரிகரி, கம்பி எங்கிருந்து வருகிறதோ அங்கே ஓடினார். அதற்குப் படிப்புத் தேவையில்லை, கண் இருந்தால் போதும். திறந்திருந்த பெட்டிக்குள் குடையின் வளைந்த பிடியை விட்டு, கம்பிகளை மாட்டி இழுத்தார். அது மரப்பிடி, அதனால் பிழைத்தார்; தெரிந்து செய்யவில்லை, கையில் இருந்தது அதுதான். பொறி பறந்து அவர் சட்டைக் கையும் கன்னமும் கருகின. நாற்காலியில் ஏறப் பயப்படும் மனிதர். அம்மாள் கீழே விழுந்தார். மூச்சு இருந்தது.

அதன் பிறகு போலீஸ்காரர் வந்தபோது, கிரிகரி குடையில் கம்பி தொங்கக் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தார். இது யார் வேலை என்று போலீஸ்காரர் கேட்டார். கிரிகரி நெஞ்சை நிமிர்த்தி, "நான் கமிட்டித் தலைவர். எல்லாப் பொறுப்பும் என்னுடையது" என்று இங்கிலீஷில் சொன்னார். அதைத்தான் அரசுத் தரப்பில் குற்ற ஒப்புதல் என்று தாக்கல் செய்திருக்கிறார்கள். அது ஒப்புதல் அல்ல, பிரசங்கம். அவர் கோயிலில் நாற்காலி உடைந்தாலும் அதையேதான் சொல்வார்.

இனி அரசுத் தரப்பு மின்சார நிபுணர் சொன்னதைப் பற்றி. மேசை மேல் இருக்கும் கம்பி இணைப்பைக் காட்டி, இதன் மேல் மெழுகுத் துணி சுற்றியிருக்கிறது, கோயில் மெழுகுவர்த்தி மெழுகு, இது தொழில் தெரியாத கோயில் ஆள் செய்த வேலை என்றார். மெழுகுவர்த்தி அலமாரிச் சாவி கிரிகரியிடம் இருக்கிறது, ஆகவே கிரிகரி செய்தார் என்று அரசு வக்கீல் முடிச்சுப் போட்டார். நிபுணர் இணைப்பைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றே சொன்னார். நான் எடுத்தது எரிந்து முடிந்த மெழுகுவர்த்தித் துண்டுகள். கோயில் பின்வாசலில் டப்பாவில் கிடந்தவை. எடுக்கச் சாவி வேண்டாம். மழை வரும் என்று தெரிந்து, துணியை உருக்கிய மெழுகில் தோய்த்து நான் சுற்றினேன். தண்ணீர் புகாது. புகவும் இல்லை. கிரிகரி இழுத்தபோது பெட்டிக்குள் முன்பே இருந்த திருகுதான் பிடுங்கிக்கொண்டு வந்தது, என் இணைப்பு அசையவில்லை. துணியை அவிழ்த்து உள்ளே இருக்கும் சுற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்களில் ஒவ்வொருவன் சுற்றும் ஒரு மாதிரி இருக்கும், கையெழுத்தைப் போல.

(கோர்ட்டார் அனுமதித்தபடி சாட்சிப் பொருளான இணைப்பின் மேல் உள்ள துணி அவிழ்க்கப்பட்டது. சாட்சிக்குக் கம்பியும் குறடும் கொடுக்கப்பட்டன. சாட்சி கூண்டில் நின்றபடியே ஓர் இணைப்புச் செய்து காட்டினார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்பட்டன. சுற்று இடமிருந்து வலமாக, முனை உள்பக்கம் மடித்து, இரண்டிலும் ஒரே விதமாக இருந்தது. இரண்டாம் எதிரியிடமும் குறடு கொடுக்கும்படி சாட்சி கேட்டுக்கொண்டார். கொடுக்கப்பட்டது. இரண்டாம் எதிரி குறட்டைத் தலைகீழாகப் பிடித்தார். திரும்ப வாங்கிக்கொள்ளப்பட்டது.)

அரசு வக்கீல் குறுக்கு விசாரணையில் சொன்னது:

ஆம், இதனால் திருட்டுக் குற்றம் என் மேல் வரும் என்று தெரியும். கொடுங்காயக் குற்றமும் வரும். வேலை போகும் என்றும் தெரியும்.

இல்லை, இரண்டாம் எதிரி எனக்குப் பணமோ வாக்குறுதியோ கொடுக்கவில்லை. கொடுக்க அவரிடம் கைக்குட்டைதான் இருக்கிறது. இந்த வருஷம் அதுவும் வராது. சாந்தமேரி அம்மாளின் வலது கையில் இரண்டு விரல்கள் இனி ஊசியைப் பிடிக்காது என்று டாக்டர் இதே கூண்டில் நின்று சொன்னார்.

ஆம், நான் அந்த அம்மாளை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். அவர் என்னிடம், "நீ போட்ட லைட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி" என்று சொன்னார்.

நான் ஏன் சாட்சி சொல்ல வந்தேன் என்று கேட்கிறீர்கள். என் இணைப்பை இன்னொருவன் செய்த மட்ட வேலை என்று ஒரு மனிதர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. அது ஒரு காரணம்.

கொசுவலையைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதைக் கேட்காமல் விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். அன்று காலை கிரிகரி தன் கட்டிலில் கட்டியிருந்த கொசுவலையை அவிழ்த்து எடுத்து வந்து, "இக்னேசி, சனங்க உப்புப் போடுவாங்களேடா. ஒன் சாமானெல்லாம் அடியில இருக்கு. இத மேல போத்திட்டா நல்லதில்ல?" என்று கேட்டார். நான், "இது எலெக்ட்ரிக், ஊறுகா இல்ல. போய்ப் பாட்டுப் பழகுங்க" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வலையைச் சுருட்டிக்கொண்டு போனார்.

கொசுவலை உப்பைத் தடுக்காது. அது முட்டாள்தனமான யோசனை. கித்தான் போட்டிருந்தால் தடுத்திருக்கும். ஆனால் உப்பைத் தடுக்க வேண்டும் என்று அங்கே இருந்தவர்களில் ஒருவருக்குத்தான் தோன்றியது, அது வயர்மேன் அல்ல. நான் பிறந்ததிலிருந்து அந்த உப்பைப் பார்க்கிறேன். என் அம்மா என் காய்ச்சலுக்காக வீசியிருக்கிறார். கோயிலில் விழும் உப்பு வேறு, புத்தகத்தில் படித்த உப்பு வேறு என்று நான் வைத்திருந்தேன்.

கிரிகரி போலீசிலும் இந்தக் கோர்ட்டிலும், தனக்கு மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று மட்டும் சொன்னார். அவனை நான் எச்சரித்தேன், அவன் கேட்கவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பர்மிஷன் வாங்கியதாக அவன்தான் சொன்னான் என்று இன்னொரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் அந்தக் கூண்டில் நின்றிருக்க மாட்டார். கிராணி வேலை முழுக்க யார் மேல் பழி போடுவது என்பதுதான். அவருக்கு அது தெரியாததல்ல. லாக்கப்பில் நான் அவரை, "ஏன் சொல்லலே?" என்று கேட்டேன். "ஞானஸ்நானத்துல ஒனக்காக நாந்தானடா பதில் சொன்னேன். நீ அப்ப பேசலியே" என்றார். இதுவும் ஒரு பதிலா என்று அவரைத் திட்டினேன்.

(இந்த இடத்தில் இரண்டாம் எதிரி கூண்டிலிருந்து, "இக்னேசி, போதும்டா. எறங்கி வா" என்று சத்தமாகச் சொன்னார். கோர்ட்டார் அவரைப் பேசாமல் இருக்கும்படி எச்சரித்தார்கள்.)

பாருங்கள். வாயை எப்போது மூடுவது என்று அந்த மனிதருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. ஆயுளில் ஒரே ஒரு தடவை மூடினார், அதுவும் மூடக்கூடாத இடத்தில். அவரை வீட்டுக்கு அனுப்புங்கள். கன்னத்தில் இன்னும் மருந்து போட வேண்டும்.

மேலே எழுதியிருப்பதை மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் நான் சொன்னதை விட மரியாதையாக எழுதியிருந்தார். திருத்தச் சொன்னேன், திருத்தினார். மற்றதெல்லாம் நான் சொன்னபடி இருக்கிறது. யாரும் மிரட்டிச் சொல்லவில்லை, ஆசை காட்டிச் சொல்லவில்லை. உண்மை என்று நானே கையெழுத்துப் போடுகிறேன்.

ர. இக்னேஷியஸ்
வயர்மேன்